முதுகு திருப்பிக் கேட்டவர்

அவர் எங்களைப் பார்த்துக்கொண்டு எங்கள் வாசிப்பைக் கேட்டதே கிடையாது. கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய கிடங்கு இருந்தது. கீழே யாரோ வாடகைக்கு எடுத்துச் சுக்கு மூட்டை அடுக்கியிருந்தார்கள். மேலே காயலைப் பார்த்த நீள அறை. சனிக்கிழமைதோறும் எங்கள் இசைக்குழுவின் ஒத்திகை அங்கேதான். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரை ஜன்னலோரம் வைத்து, காயலைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். முதல் தடவை வருகிறவர்கள் அவருக்கு எங்கள்மேல் ஏதோ கோபம் என்று நினைப்பார்கள். கோபம் வந்தால் அவர் திரும்பிப் பார்ப்பார். அது இதைவிட மோசம்.

பெயரை எழுதப் போவதில்லை. பெயரைச் சொல்லிவிட்டு ஆளைப் பற்றிச் சொல்வது அவருக்குப் பிடிக்காத காரியம். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் குடும்பம். எங்கள் டிரம்ஸ்காரன் ஆன்சன் ஆரம்பத்தில் மரியாதையாக ‘மாமி’ என்று கூப்பிட்டான். அவர் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் எல்லாருக்கும் மலையாளத்து அக்கா, சேச்சி.

வார நாட்களில் சேச்சிக்குத் துறைமுகத் தீவில் வேலை. ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்லும் உத்தியோகம். நீள மேசையில் வரிசையாகப் பீங்கான் கிண்ணம், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, வீடே அதிர்கிற மாதிரி உறிஞ்சி, ஒரு நொடி நாக்கில் வைத்து, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். அந்த உறிஞ்சலை ஒருமுறை எங்களுக்குச் செய்து காட்டினார். ஆன்சன் சிரித்துச் சிரித்துக் குச்சியைக் கீழே போட்டுவிட்டான். வெங்காயம் சாப்பிட மாட்டார், மல்லிகை வைக்க மாட்டார், வீட்டில் ஊதுபத்தி ஏற்ற விடமாட்டார். நாக்கும் மூக்கும் கெட்டுவிடும் என்பது காரணம். இத்தனைக்கும் வீட்டில் குடிப்பது காப்பி.

வேலை இடத்தில் அவர் தமக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். கிண்ணத்துக்குப் பின்னால் எந்த எஸ்டேட் என்று சீட்டு இருக்கும். பிரபலமான எஸ்டேட்டின் பெயரைக் கண் பார்த்துவிட்டால் நாக்கு அதற்கு முன்பே தலையாட்டிவிடும் என்பார். அதனால் சீட்டுகளை எல்லாம் கவிழ்த்து, பின்பக்கம் எண் போடச் சொல்லிவிடுவார். ஒன்று, இரண்டு, மூன்று. தரம் எழுதி முடித்த பிறகுதான் சீட்டைத் திருப்ப வேண்டும்.

இந்த வழக்கம் வேலையோடு நிற்கவில்லை. அண்ணன் மகளுக்கு வரன் பார்த்தபோது வந்த கடிதங்களில் பெயர், ஊர், சம்பளம் எல்லாவற்றையும் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, மிச்சத்தைப் படித்துக் காட்டச் சொன்னாராம். மிச்சம் என்று ஒன்றும் இல்லாத கடிதங்களை அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை எங்கள் ஊர்த் தமிழ் ஆட்களின் சங்கத்து ஆண்டு விழாப் பாட்டுப் போட்டிக்கு அவரை நடுவராகப் போட்டார்கள். திரைக்குப் பின்னால் நின்று பாட வேண்டும், எண் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். சீட்டைத் திருப்பியபோது கடைசி இடத்தில் இருந்தவர் அவருடைய சொந்தத் தம்பி. தம்பி மூன்று வருஷம் அவரோடு பேசவில்லை. அதைப் பற்றி நான் கேட்டபோது அவர் குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் தயக்கம் இல்லை.

“ஏழாம் நம்பர் பாடினது நன்னா இல்லை. ஏழாம் நம்பர் நேக்குத் தம்பியாப் பொறந்துட்டான், அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

சிரித்துக்கொண்டே கேட்டேன் என்றாலும் அன்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம் வந்தது. சொந்தத் தம்பிக்கே இந்தக் கதி.

எங்கள் பகுதியில் பழம்பொருள் கடைகள் ஏராளம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்து மயங்கி நிற்கும் கடைகள். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நானும் அவரும் ஒரு கடை வாசலில் நின்றோம். கடைக்காரர் சும்மா இருக்காமல் மஞ்சளேறிய கடல் வரைபடம் ஒன்றை விரித்து, இருநூறு வருஷத்துக்கு முந்தியது என்றார். சேச்சி குனிந்து அதை மோந்து பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் மெதுவாக, இது போன வருஷத்து டஸ்ட் தேயிலை, அதுவும் மட்ட ரகம், இன்னும் கொஞ்சம் நல்ல தூளாகப் போட்டு ஊற வைத்திருந்தால் நிறம் சீராக வந்திருக்கும் என்று மலையாளத்தில் யோசனை சொன்னார். கடைக்காரர் வரைபடத்தைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு எங்கள் இருவருக்கும் சாயா வரவழைத்தார். அதையும் உறிஞ்சி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நான் கவலைப்பட்டேன். நல்லவேளை, சும்மா குடித்தார்.

இப்படிப்பட்டவர் முன்னால்தான் நான் பல வருஷம் என் சாக்ஸபோனின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

என்னுடையது பிரான்சில் செய்த பழைய டெனர் சாக்ஸ். கப்பலில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவருடைய வாத்தியம். அவர் காலமான பிறகு ஃபோர்ட் கொச்சியில் அவர் குடும்பத்தாரிடமிருந்து வாங்கினேன். மேல்பூச்சு பாதி போய், கழுத்துப் பக்கம் உப்புக்காற்றில் சிவந்த புள்ளிகள் விழுந்திருக்கும். எனக்கு அந்தப் புள்ளிகள்கூட அழகு. காக்கநாட்டில் கலெக்டரேட்டில் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தா, சனிக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்தால் வேறு ஆளாகிவிடுவான். உலகப் போர் முடிந்த காலத்தில் பீரங்கிக் குண்டுகளின் பித்தளைக் கூட்டை உருக்கிச் செய்தது, அதனால்தான் இந்த நாதம், இப்போது வருகிற தகரத்தில் இது வராது என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வேன். சேச்சியிடமும் சொன்னேன். உருக்கினபோது நீ பக்கத்தில் நின்றாயா என்று காயலைப் பார்த்தபடியே கேட்டார்.

எங்கள் குழுவில் இன்னொரு சாக்ஸ்காரன் செல்வன். கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் ஆட்கள் வருவார்கள், போவார்கள். நான், செல்வன், ஆன்சன் மூவரும்தான் நிலை. செல்வனும் நானும் ஒரே லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள். இருவருடைய அப்பாக்களும் கார்ப்பரேஷன் தொழிலாளிகள். என்னைவிட மூன்று வயது இளையவன். தேவராவில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டர். விரல்கள் எல்லாம் தீப்பொறி பட்ட தழும்பு. தைவானில் செய்த புது டெனர் ஒன்றை வாங்கியிருந்தான். கண்ணைப் பறிக்கும் மினுமினுப்பு. நான் அதைக் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு என்று கிண்டல் செய்வேன். அவன் கோபிக்க மாட்டான். என்னுடையது எல்லாச் சுரமும் நேராக நிற்கும் அண்ணே, என்னை மாதிரி ஆளுக்கு அது போதும் என்பான்.

பழசா புதுசா என்ற சண்டை எங்களுக்குள் வாராவாரம் நடக்கும். ஆன்சன் ஒரு வாரம் இந்தப் பக்கம், ஒரு வாரம் அந்தப் பக்கம். சேச்சி மட்டும் வாய் திறந்ததில்லை. சீட்டைக் கவிழ்க்காமல் அவர் எதற்கும் தரம் சொல்ல மாட்டார்.

அப்போதுதான் ஃபோர்ட் கொச்சி ஹோட்டல்காரர் ஒருவர் வந்தார். ஒரு வருஷ ஒப்பந்தம், வெள்ளியும் ஞாயிறும் மாலையில் வாசிக்க வேண்டும், வாசலில் படத்தோடு போஸ்டர் வைப்பார்கள். மேடை சின்னது. ஒரு சாக்ஸ் போதும் என்றார். அதுவரை செல்வனும் நானும் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தோம். யார் பெரியவன் என்ற கேள்வி எழாமலே ஓடிக்கொண்டிருந்தது. அவர் வந்து அந்தக் கேள்வியை நடு அறையில் வைத்துவிட்டுப் போனார். போகிற போக்கில் என் வாத்தியத்தைத் தடவிப் பார்த்து, பழைய பிரெஞ்சு சாக்ஸ் என்று எழுதிப் போட்டால் நன்றாக இருக்குமே என்றும் சொன்னார்.

எனக்கு அந்த இடம் வேண்டும். உண்மையைச் சொல்வதென்றால், வாழ்க்கையில் வேறெதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. நாற்பத்தொரு வயது. இன்னும் பதினைந்து வருஷம் கோப்பு நகர்த்த வேண்டும். ஒரே ஒரு வருஷமாவது ஊர் என்னை அந்தப் போஸ்டரில் பார்க்கட்டும் என்று இருந்தது. செல்வன் தரையைப் பார்த்துக்கொண்டு, அண்ணன் வாசித்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் எனக்கும் ஆசை இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லவில்லை என்றான். அவன் அவ்வளவு நேர்மையாகச் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது.

சேச்சி தீர்த்துவைத்தார். அடுத்த சனிக்கிழமை நடுவில் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டுங்கள், அதன் பின்னால் நின்று இருவரும் இரண்டு வாத்தியத்தையும் வாசியுங்கள், மொத்தம் நாலு தடவை, வரிசையை ஆன்சன் சீட்டுப் போட்டு எடுக்கட்டும், எனக்கு எண்ணை மட்டும் சொல்லுங்கள் என்றார். வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸ் மட்டும் அவரவருடையது. எல்லாரும் வாசிக்க வேண்டியது ஒரே பாட்டு. திருவிழாக்களில் நாங்கள் வாசிக்கும் மெதுவான ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தோம். நடுவில் அது படிப்படியாக இறங்கி வாத்தியத்தின் அடிமட்டச் சுரம்வரை போய், பிறகு மேலே ஏறும்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. பழசுதான் உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விரிப்புக்குப் பின்னால் அது தெரியுமா என்பதில் சந்தேகம் வந்துவிட்டது. பெயரை மூடிவிட்டால் என்ன மிஞ்சும்? அந்தப் பாழாய்ப்போன வரன் கடிதங்களை நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கீழேயிருந்து சுக்கு வாசனை ஈரத்தோடு ஏறி வந்தது. சேச்சி இன்னும் வரவில்லை. விரிப்பைக் கட்டி முடித்ததும், சாயா வாங்கி வருகிறோம் என்று செல்வனும் ஆன்சனும் கிளம்பினார்கள். படியில் இறங்கும்போது செல்வன் திரும்பிச் சொன்னான்.

“அண்ணே, என் சாக்ஸ் வெளியத்தான் இருக்கு. கொஞ்சம் பாத்துக்கங்க.”

பார்த்துக்கொண்டேன். சாக்ஸபோனில் துளைகளை மூடுகிற தோல் மூடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இறங்குவதற்கு ஒரு சின்னத் திருகு உண்டு. அதைக் கால் சுற்றுத் தளர்த்தினால் ஒரு மூடி மயிரிழை அளவுக்குத் திறந்தே நிற்கும். பார்த்தால் தெரியாது. மேலே வாசிக்கும்போதும் தெரியாது. அடிச்சுரத்துக்கு இறங்கினால் மட்டும் காற்று ஒழுகி, குரல் திக்கும். என் பெட்டியில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் இருக்கும். நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிப்பதற்கு முன்பே கை அதை எடுத்துவிட்டது. திருகைத் தொட்டபோது கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். உடம்பு தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் கால் சுற்று முழுசாகத் திருப்பினேன். அரைகுறையாகச் செய்யவில்லை.

பிறகு சாயா வந்தது, சேச்சியும் வந்தார். ஈரக் குடையை மூலையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். விரிப்பு கட்டியிருந்தும் முதுகு காட்டியே உட்கார்ந்ததைப் பார்த்து ஆன்சன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஒன்று என்று ஆன்சன் சொன்னான். சீட்டுப்படி அது நான், என் பழைய சாக்ஸ். நன்றாகவே வாசித்தேன்.

இரண்டு. செல்வன், அவனுடைய புது சாக்ஸ். விரிப்பின் பின்னால் நான் அவன் பக்கத்தில் ஒரு கை தூரத்தில் நிற்கிறேன். பாட்டு கீழே இறங்க இறங்க நான் அந்தத் திருகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிச்சுரத்துக்கு வந்ததும் வாத்தியம் கரகரத்து, தொண்டை அடைத்து, நின்றேபோனது. செல்வன் திடுக்கிட்டு விரல்களைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு மேலே பிடித்துக்கொண்டு எப்படியோ முடித்தான். அவன் முகம் வெளிறியிருந்தது. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தான். தான் தப்பு செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு என்னிடம் ஆறுதல் தேடுகிற பார்வை. நான் பரவாயில்லை என்று தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்று. செல்வன், என் பழைய சாக்ஸ். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. என் நாதம் அதிலிருந்து வரும் என்று நினைத்தேன். வரவில்லை. செல்வனின் நாதம்தான் வந்தது. அதே திறந்த மனசு, அதே எளிமை. மேலே இரண்டு சுரங்கள் மட்டும் கொஞ்சம் ஏறிப்போய்ப் பிசிறின. என்னிடம் அந்த வாத்தியம் அப்படிப் பிசிறியதே இல்லை. இத்தனை வருஷம் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த நாதம் பெட்டியிலேயே இல்லையா?

நான்கு. நான், செல்வனின் புது சாக்ஸ். அதைச் சோம்பலாக வாசித்து மட்டம் தட்ட வேண்டும் என்பது என் திட்டம். பாட்டு கீழே இறங்கியது. அங்கே ஒழுகும் என்று எனக்குத் தெரியும். விரலைக் கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்தால் மூடி உட்கார்ந்துவிடும் என்பதும் தெரியும். சேச்சி கேட்டுக்கொண்டிருக்கும்போது திக்குவதற்கு என் கர்வம் விடவில்லை. விரல்கள் தாமாகவே அந்த இடத்துக்கு முன்பாக இறுகின. அடிச்சுரம் சுத்தமாகப் பேசியது. முடித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. அட முட்டாளே என்று அடுத்த மூச்சில் தோன்றியது.

ஜன்னல் பக்கமிருந்து நாற்காலி தரையில் உராய்ந்து திரும்பும் ஓசை கேட்டது. விரிப்பை இறக்கச் சொன்னார். இறக்கியதும் எங்கள் இருவரின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். ஒரு வாத்தியத்துக்கு உடம்பு சரியில்லை, அதனால் இன்று தரம் சொல்ல மாட்டேன் என்றார். செல்வன் உடனே, என்னுடையதுதான் சேச்சி, அடியில் எனக்குப் பிடி கிடைக்கவில்லை என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான். அவர் சாயா கிளாஸ்களைக் கடையில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அவனையும் ஆன்சனையும் கீழே அனுப்பினார்.

அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவர் மறுபடி காயல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ரெண்டாம் நம்பரும் நாலாம் நம்பரும் ஒரே வாத்தியம். ரெண்டாம் நம்பர் அடியில வந்ததும் பயந்துபோயிட்டான். நாலாம் நம்பர் பயப்படலை. அங்க பள்ளம் இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சவன் மாதிரி காலை எடுத்து வச்சான்.”

சேச்சி, அது நான் என்று ஆரம்பித்தேன். அவர் திரும்பாமலே உள்ளங்கையைத் தூக்கி நிறுத்தினார்.

“நேக்குப் பேர் வேண்டாம். நாலாம் நம்பராவே இருக்கட்டும்.”

அதற்கப்புறம் அவர் சொன்னதை நான் எத்தனையோ தடவை எனக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பழைய வாத்தியத்தில் ஒரு கனம் இருப்பது வாஸ்தவம்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் கடுகளவு என்றார். அந்தக் கடுகளவுக்கு இத்தனை பேர் இத்தனை பேச்சுப் பேசுகிறார்கள். மேலே இரண்டு சுரம் அதில் பிறவியிலேயே ஏறி நிற்கிறது. அதை வாசிக்கிற ஆள் வருஷக்கணக்காகத் தாடையைத் தளர்த்தித் தளர்த்திச் சரிசெய்துகொண்டே இருக்கிறான், தான் செய்வது அவனுக்கே தெரியாது. புது வாத்தியத்தை எடுத்தாலும் அங்கே இல்லாத தப்பைத் திருத்துகிறான், அதனால் நாலாம் நம்பரில் அந்த இரண்டு சுரமும் இறங்கிப்போயிற்று. இவ்வளவையும் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

“அந்தத் தப்பைத் திருத்தித் திருத்தித்தான் ஒனக்கு அந்தக் கொரல் வந்தது. அது ஒன்னோடதுடா. அதைப் போய்ப் பித்தளைக்குக் குடுத்துட்டே.”

நாலாம் நம்பரை விட்டுவிட்டு ‘நீ’ என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டோம் என்பது அவருக்கும் தெரிந்தது. படகுத்துறையிலிருந்து ஹாரன் சத்தம் வந்தது. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். எதைக் காப்பாற்றுவதற்காகத் திருடினேனோ அது முதலிலிருந்தே என்னிடம்தான் இருந்திருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால், திருடியவன் எங்கே போய் நிற்பான்?

செல்வன் திரும்பி வந்ததும், மழைக்கு ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லி நானே முடுக்கிக் கொடுத்தேன். அவன் ஊதிப் பார்த்தான். அடிச்சுரம் கோயில் மணி மாதிரி வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் இல்லாவிட்டால் எனக்கு இது தெரிந்தே இருக்காது என்றான். சேச்சி மிக்ஸரில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம், கலெக்டரேட்டில் வேலை அதிகம், என்னால் வெள்ளிக்கிழமை வர முடியாது, செல்வனே வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பொய்யைக் கேட்டதும் சேச்சியின் முதுகு லேசாக நிமிர்ந்தது, அவ்வளவுதான். ஹோட்டல்காரர் சொன்னது சொன்னபடி, செல்வனின் படத்துக்குக் கீழே ‘பழைய பிரெஞ்சு சாக்ஸ்’ என்று எழுதிப் போஸ்டர் வைத்தார். கையில் இருந்ததோ தைவான் குத்துவிளக்கு. செல்வன் வெட்கப்பட்டு மாற்றச் சொல்லியும் அவர் மாற்றவில்லை. வந்த விருந்தினர்கள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஆகா, இந்த நாதம் இப்போது வருகிற வாத்தியங்களில் கிடைக்காது என்று அவனிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். அதைக் கேட்டுச் சிரிப்பதற்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

திருகு தானாகத் தளர்ந்ததா என்பதில் ஆன்சனுக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. அறைக்குப் பூட்டு கிடையாது, கீழே மூட்டை தூக்குகிறவர்கள் யாராவது ஏறி வந்து கை வைத்திருப்பார்கள் என்றான். அதற்கடுத்த சனிக்கிழமை சேச்சி ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி வந்தார். இனி வாசிக்கும் நாள் போக மற்ற நாளெல்லாம் வாத்தியங்கள் இங்கேயே இருக்கட்டும், ஒரே சாவி போதும் என்றார். எல்லார் முன்னாலும் நாற்காலியைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தார். சாவியை என் கையில் கொடுத்தார். ரொம்பச் சரி சேச்சி, அண்ணன் கையில் இருந்தால் பயமில்லை என்றான் செல்வன்.

ஒன்பது வருஷம் அந்தச் சாவி என்னிடம் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லாருக்கும் முன்னால் போய்க் கதவைத் திறப்பேன். இடையில் சேச்சி ஓய்வுபெற்றுத் தங்கையோடு குன்னூருக்குப் போய்விட்டார். போன் செய்தால் பேசுவார், எல்லாரையும் விசாரிப்பார். அந்த மத்தியானத்தைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. போன மார்கழியில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவர் தங்கை செய்தி அனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமை அறையில் யாருக்கும் வாசிக்க மனமில்லை. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். ஆன்சன் முதலில் கிளம்பினான். கதவைப் பூட்டியதும் நான் சாவியைச் செல்வன் கையில் வைத்து, படியில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். கால் சுற்று, தலையசைப்பு, கலெக்டரேட் பொய், எல்லாம். முடித்ததும் அவன் தன் விரல்களைப் பார்த்தான்.

“சேச்சிக்கு இது அறியுமா?” என்று கேட்டான்.

“தெரியும்.”

“அறிஞ்சிட்டுதானா சாவியை ஒங்க கையில தந்தாங்க?”

ஆமாம் என்றேன். அவன் சாவியை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, என் உள்ளங்கையை விரித்து அதிலேயே வைத்து மூடினான். நீங்களே வச்சுக்கங்க அண்ணே என்றான். குரலில் கோபம் இல்லை. பிறகு கதவைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். உள்ளே போய்த் தன் சாக்ஸ் பெட்டியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, தலை குனிந்து படி இறங்கிப் போனான்.

சாவி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. ஒத்திகை தவறாமல் நடக்கிறது. செல்வன் சனிக்கிழமைதோறும் தேவராவிலிருந்து தோளில் பெட்டியோடு பஸ் ஏறி வருகிறான், வாசித்து முடித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான்.